வலி தீர்த்தோர் வரலாறு: நெய்யூர் முதல் அனந்தபுரி வரை

மனிதன் தோன்றிய நாளிலேயே வலியும் உடன் தோன்றியது. அதனைத் தீர்க்கும் முயற்சியும் அன்றே தொடங்கியது எனலாம். வள்ளுவப் பெருந்தகை மருந்து என ஓர் அதிகாரம் வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டெனக் காட்டினார். இவற்றுள் முதல் மூன்றைப் பற்றி உலகம் நிரம்பப் பேசியது. நான்காவதன் பெருமையை உணர நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றில் நாம் வாழும் திருவனந்தபுரத்துக்கும், நம்மில் பலருக்குத் தாய்மண்ணாகிய பழைய தென் திருவிதாங்கூருக்கும் சிறந்த பங்கு உண்டு. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவலன் பகைவனாதல்

வலி இயல்பில் நம் காவலன். முள் தைத்தால் காலை எடுக்கச் சொல்வது அதுவே. தொழுநோயில் நரம்பு மரத்துப்போவதால், நோயாளி தீப்புண்ணையும் வெட்டுக்காயத்தையும் உணராமல் விரல்களை இழக்கிறான். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, வேலூரில் பணியாற்றியபோது இவ்வுண்மையை உலகுக்கு விளக்கினார்.

ஆனால் நரம்பே நோயுற்றால் காவலன் காரணமின்றிக் கூக்குரலிடத் தொடங்குகிறான். அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில் எரியும் தோல், நீரிழிவு நோயாளியின் பாதத்தில் இரவெல்லாம் குத்தும் ஊசிகள், காற்றுப் பட்டாலும் மின்னல் போல் தாக்கும் முகநரம்பு வலி ஆகியன இவ்வகையின. வெளியே புண் இல்லை, வீக்கமும் இல்லை. ஆதலின், வீட்டார் “எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லிவிடுகின்றனர். வலியினும் கொடிது, அதனைப் பிறர் நம்பாமை.

நெய்யூர்ப் பணி

நம் பகுதியில் மேலை மருத்துவத்தின் பழைய நிலையங்களுள் ஒன்று நெய்யூர் மருத்துவமனை. 1838-ல் இலண்டன் மிஷனைச் சார்ந்த மருத்துவர் ராம்சே அதனைத் தொடங்கினார். 1922-ல் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுவில் இருந்த தியோடர் ஹோவர்டு சாமர்வெல், அப்பயணம் முடிந்து தென்னாடு வந்தபோது நெய்யூரைக் கண்டார். ஒரே மருத்துவரைச் சூழ்ந்து நின்ற நோயாளிகள் கூட்டம் அவர் உள்ளத்தை உருக்கிற்று. இலண்டனில் காத்திருந்த பதவியைத் துறந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் உழைத்தார். திருவிதாங்கூர் ஏழை மக்களை ஆண்டுக்கணக்கில் வாட்டிய வயிற்றுப்புண் வலிக்கு அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள் புகழ் பெற்றன. காரணத்தைக் கண்டு அறுத்தெறிதல் என்பது இக்காலத்து மருத்துவத்தின் பெருமை.

ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம்

நரம்பு நோய்க்கு அவ்வழி எளிதன்று. மூளையையும் நரம்பையும் ஆராயத் தனிக் கருவிகளும் தனிப் பயிற்சியும் வேண்டும். 1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் மருத்துவமனைக்கெனப் பல மாடிக் கட்டிடம் ஒன்றைக் கேரள அரசுக்கு நல்கினர். 1976-ல் அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் செயற்படத் தொடங்கிற்று. 1980-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. இதய நோயும் நரம்பு நோயும் அதன் இரு கண்கள். 1995-ல் வலிப்பு நோய்க்கு மூளை அறுவைச் சிகிச்சை தொடங்கப்பட்டது. 1998-ல் அந்நோய்க்கெனத் தனி மையமும் அமைந்தது. 1979-ல் நாகர்கோவில் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின், தெற்கேயிருந்து வரும் நோயாளிகளுக்கு வழியும் எளிதாயிற்று. மருத்துவச் சீட்டுக் கட்டுடன் தம்பானூரில் வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்களை இருப்புப்பாதை ஊழியராகிய நாங்கள் நன்கறிவோம்.

வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டிலும் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் கிளர்கின்றன. ஆதலின், வலிப்புக்குப் பயன்படும் கார்பமசெபைன் என்னும் மருந்து 1960-களிலிருந்து முகநரம்பு வலிக்கும் தரப்படுகிறது. வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தார் என்று நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

மருந்து இருந்தும் கிட்டாத காலம்

புற்றுநோய் போன்றவற்றின் கடும்வலிக்கு அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் சிறந்த மருந்து. அபினியைச் சட்டப்படி பயிரிட்டு அயல்நாடுகளுக்கும் அனுப்பும் நாடு நம் பாரதம். எனினும் 1985-ல் இயற்றப்பட்ட போதைப்பொருள் சட்டத்தின் கடுமையான தண்டனைகளுக்கும் பலவகை உரிமச் சீட்டுகளுக்கும் அஞ்சி, மருந்தகங்கள் மார்ஃபின் வைப்பதையே கைவிட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வீழ்ந்தது. கள்வனுக்கு இட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்தியது. 2014-ல்தான் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, மருத்துவத் தேவைக்கு வழியை எளிதாக்கியது.

இம்மாறுதலுக்கு அயராது உழைத்தவர்களுள் முதன்மையானவர் மயக்கமருந்து நிபுணர் எம். ஆர். ராஜகோபால். அவர் தம் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்றைப் பலமுறை எடுத்துரைத்துள்ளார். நாவில் புற்றுநோய் கண்ட கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு நரம்பில் ஊசியிட்டு வலியை நீக்கினார். “மீண்டும் எப்போது வரவேண்டும்?” என்று அவர் கேட்டபோது, இனி வர வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினார். தம் நோய் தீராதது என்று அப்போதுதான் உணர்ந்த அப்பேராசிரியர், அன்றிரவே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பின் வலி தீர்ந்தது. மனிதனின் வலி தீரவில்லை!

இலண்டனில் 1967-ல் நோயாளர் இல்லம் கண்ட சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், உடல், உள்ளம், குடும்பம், நம்பிக்கை ஆகிய நான்கையும் தழுவியதே முழுவலி என்றார். அதே கருத்தைத் தம் நெறியாகக் கொண்டு, ராஜகோபாலும் தோழர்களும் 1993-ல் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சங்கம் கண்டனர். 2003-ல் அவர் தோற்றுவித்த பாலியம் இந்தியா, நம் திருவனந்தபுரத்தை நிலைக்களமாகக் கொண்டு இயங்குகிறது. 2008-ல் கேரள அரசு நோய்தணிப்புக்கென ஒரு கொள்கையே வகுத்தது. ஊராட்சி தோறும் செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகி உடன் செல்கின்றனர். வள்ளுவர் சொன்ன நான்காவது கூறு இங்கே உயிர் பெற்றது.

நம் கடமை

நம் குடியிருப்புகளில் முதுகுவலியோடு அடுக்களையில் நிற்கும் அன்னையர் எத்தனை பேர்! பாத எரிச்சலை வெளியே சொல்லாத பெரியவர்கள் எத்தனை பேர்! பொறுமை நற்குணமே, ஆனால் தீர்க்கத்தக்க வலியைப் பொறுத்துக் கிடப்பது நற்குணமாகாது. கடையில் கிடைத்த வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வதும் அறிவன்று. மூன்று மாதம் கடந்தும் நீங்காத வலி நெடுநாள் வலி எனப்படும்; அதுவரை காத்திராமல் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

மாடி ஏறி மருந்து கொடுக்கவும், மருத்துவமனைக்குத் துணை செல்லவும், மலையாளம் அறியாத முதியவர்க்குச் சீட்டைப் படித்துக் கூறவும் பட்டம் எதுவும் தேவையில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உறவினர். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதற்கண் அதனை நம்புவோம். பேணுதல் அங்கிருந்தே தொடங்குகிறது.