ஆழிப்பேரலை மையக் குழு (2004–2005)

2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவின் மேற்குக் கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை 14 நாடுகளைத் தாக்கியது. ஏறத்தாழ 2,27,000 பேர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். இந்தோனேசியாவின் அச்சே மாகாணம் பேரழிவுக்குள்ளானது. இலங்கையில் சுமார் 35,000 பேரும், தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். இப்பேரிடரின்போது அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகள் அமைத்த தற்காலிக ஏற்பாடே ‘மையக் குழு’ எனப்படுகிறது. அது சுமார் ஒன்பது நாட்களே இயங்கியது.

பின்னணி

பன்னாட்டு நிவாரணத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு, 1991-ஆம் ஆண்டின் பொதுச்சபைத் தீர்மானத்தின்படி ஐக்கிய நாடுகள் அவைக்கு உரியது. ஆனால் அவையிடம் சொந்தக் கடற்படையோ வான்படையோ இல்லை. அச்சேயின் மேற்குக் கரைச் சாலையும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. மெலாபோ போன்ற ஊர்களைக் கடல் வழியாகவோ ஹெலிகாப்டர் மூலமாகவோதான் அடைய முடிந்தது. முதல் இரு வாரங்களில் பணத்தைவிடக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் குடிநீர்க் கருவிகளுமே தேவைப்பட்டன. அவை நாடுகளின் படைகளிடமே இருந்தன.

இந்தியாவின் பங்கு

இந்தியா தானே பாதிக்கப்பட்ட நாடு. ஆயினும், பேரலை தாக்கிய அன்றே இலங்கைக்கு உதவி அனுப்பத் தொடங்கியது. இலங்கைக்கு ‘ரெயின்போ’, மாலத்தீவுக்கு ‘காஸ்டர்’, இந்தோனேசியாவுக்கு ‘கம்பீர்’ என மூன்று வெளிநாட்டு நடவடிக்கைகளை இந்தியக் கடற்படை மேற்கொண்டது. தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளிலும் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் அதே வேளையில் மீட்புப் பணி நடந்தது. 30-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இவற்றில் ஈடுபட்டன. உடனடி நிவாரணத்திற்கு அயல்நாட்டு அரசுகளின் உதவியை ஏற்பதில்லை என்றும் இந்தியா முடிவெடுத்தது. அமெரிக்காவுடன் ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இராணுவ உடன்படிக்கை உண்டு, இந்தியாவுக்கு இல்லை. கப்பல்கள் அருகில் இருந்ததும் உடனே புறப்பட்டதுமே இந்தியாவை அக்குழுவில் இடம்பெறச் செய்தன.

குழு இயங்கிய முறை

டிசம்பர் 29 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் இக்குழுவை அறிவித்தார். இதற்குச் செயலகம் இல்லை, சாசனமும் இல்லை. அமெரிக்கத் தரப்பில் மார்க் கிராஸ்மன், இந்தியத் தரப்பில் வெளியுறவுச் செயலர் ஷியாம் சரண் போன்ற மூத்த அதிகாரிகள் நாள்தோறும் தொலைபேசி வழியே கலந்து பேசினர். எங்கே என்ன குறை, யாரிடம் என்ன இருக்கிறது, அடுத்த நாளுக்குள் யார் கொண்டுசேர்ப்பது என்பவையே பேச்சின் பொருள். பின்னர் கனடாவும் நெதர்லாந்தும் ஐ.நா.வும் இதில் இணைந்தன.

ஹாங்காங்கில் இருந்த அமெரிக்காவின் ‘ஆபிரகாம் லிங்கன்’ விமானந்தாங்கிக் கப்பல், 2005 ஜனவரி 1 அன்று அச்சே கடலை அடைந்து ஹெலிகாப்டர் சேவையைத் தொடங்கியது. இவ்வளவு வலிமையும் ஓர் ஓடுபாதையை நம்பியே இருந்தது. ஜனவரி 4 அன்று பண்டா அச்சே நிலையத்தில் இறங்கிய சரக்கு விமானம் எருமை ஒன்றின் மீது மோதியது. பல மணி நேரம் ஹெலிகாப்டர்களைத் தவிர வேறு விமானங்கள் இறங்க முடியவில்லை.

விமர்சனமும் கலைப்பும்

வலிமை மிக்க நாடுகள் தனிக் குழு அமைத்தால் ஐ.நா. ஓரங்கட்டப்படும் என்ற எதிர்ப்பு எழுந்தது. இப்பணிக்கான தார்மீக அதிகாரம் ஐ.நா.வுக்கே உண்டு என்று பிரிட்டனின் முன்னாள் அமைச்சர் கிளேர் ஷார்ட் வாதிட்டார். ஜனவரி 6 அன்று ஜகார்த்தாவில் நடந்த உச்சி மாநாட்டில் குழு கலைக்கப்பட்டு, பொறுப்பு முழுவதும் ஐ.நா.விடம் ஒப்படைக்கப்பட்டது.

விளைவுகள்

வெளிநாடுகள் தமக்குள் ஒருங்கிணைந்ததைவிட, பாதிக்கப்பட்ட நாடுகளுக்குள் ஒருங்கிணைவு கடினமாக இருந்தது. அச்சேயில் அரசும் கிளர்ச்சியாளர்களும் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் அமைதி உடன்பாடு செய்தனர். இலங்கையிலோ நிவாரணத்தைப் பகிர்வதற்காக அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் கையொப்பமிட்ட பொதுக் கட்டமைப்பின் முக்கிய பகுதிகளுக்கு, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அது செயலுக்கு வரவேயில்லை.

மையக் குழுவின் நான்கு நாடுகளே 2007-இல் மணிலாவில் ‘குவாட்’ என்ற பெயரில் மீண்டும் கூடின. ஐ.நா. 2005-இல் துறைவாரி ஒருங்கிணைப்பு முறையைக் கொண்டுவந்தது. இந்தியா 2007-இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையத்தை நிறுவியது.

2006-இல் வெளியான பன்னாட்டு மதிப்பீட்டு அறிக்கை ஒன்றின்படி, முதல் சில நாட்களில் பெரும்பாலான உயிர்களைக் காத்தவர்கள் உள்ளூர் மக்களே. கப்பல்கள் வந்து சேரும்வரை, கரையில் உயிர் தப்பியவர்களே மற்றவர்களை மீட்டனர். நாடுகளின் ஒருங்கிணைப்பு எவ்வளவு விரைவானாலும், அது அந்த முதல் உதவிக்குப் பின் வருவதே.