ராஜா செத்துட்டான், காடு யாருக்கு? வீரப்பனுக்குப் பிறகான சத்தியமங்கலம்

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கேட்டவர் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். ஞாயித்துக்கிழமை ஆனா நாலு நண்பர்களோட உக்காந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறாராம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: ஒருத்தர் கதை சொல்லுவார், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா அதுக்குள்ள இறங்குவாங்க, சண்டைன்னு வந்தா பகடை முடிவு பண்ணும். இவங்க கதையில ஒரு மலைக்காட்டை இருபது வருஷமா ஆண்ட கொள்ளைக்கார ராஜா போன வாரம் செத்துட்டான். கதை சொல்றவர் நம்ம ஆளு. அடுத்து என்ன நடக்கணும்னு அவருக்குத் தெரியல. "தளபதிங்க அடிச்சுக்குவாங்களா, பக்கத்து நாட்டு ராஜா படையோட வருவானா, இல்ல ஊர்க்காரங்களே காட்டை எடுத்துக்குவாங்களா? நிஜத்துல எப்படிங்க நடக்கும்?"

இதுக்குப் பதில் தேடி சிசிலிக்கும் சம்பல் பள்ளத்தாக்குக்கும் போக வேண்டியதில்லீங்க. அவிநாசி, புளியம்பட்டி, சத்தி, பண்ணாரி. அதுக்கு மேல 27 கொண்டை ஊசி வளைவு, திம்பம். லீவு நாள்ல பைக் எடுத்துட்டுப் போய் நீங்களே அங்க நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. அந்தக் காடுதான். செத்தவர் வீரப்பன். தேதி 2004 அக்டோபர் 18.

முதல்ல 'ராஜா'ங்கிற வார்த்தையைப் பார்த்துடலாம்.

கூச முனிசாமி வீரப்பன் 1952ல் கோபிநத்தத்தில் பிறந்தார். இன்னைக்கு அந்த ஊர் கர்நாடகாவில் இருக்கு. அன்னைக்கு மெட்ராஸ் மாநிலம், கோயம்புத்தூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகா. திருப்பூரும் அப்ப அதே மாவட்டம்தான். 1956ல் மொழிவாரியா மாநிலங்களைப் பிரிச்சப்ப கொள்ளேகால் மைசூர் பக்கம் போயிடுச்சு. அவருக்கு நாலு வயசு இருக்கும்போது காட்டுக்கு நடுவுல ஒரு கோடு விழுந்தது. பின்னாடி ரெண்டு மாநில போலீஸையும் அவர் வருஷக்கணக்கா அலைய விட்டதுல அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பக்கம் தேடினா அந்தப் பக்கம்.

அப்புறம் சந்தனம். திப்பு சுல்தான் 1792ல் சந்தனத்தை 'ராஜ மரம்'னு அறிவிச்சார். ராஜாக்கள் போன பிறகும் மரம் அரசாங்கத்தோடதாவே இருந்தது. கர்நாடகாவுல உங்க சொந்த நிலத்துல தானா முளைச்ச சந்தனம்கூட அன்னைக்கு உங்களுதா இருக்கல. ரெண்டு மாநிலமும் இந்தச் சட்டத்தைத் தளர்த்தினது 2001-02 வாக்கிலதான். ஒரு பொருள் தங்கம் மாதிரி விலை போகுது, காடு முழுக்க நிக்குது, ஆனா தொட்டா குற்றம். இப்படி ஒரு ஏற்பாட்டுக்குள்ள கடத்தல்காரன் ஒருத்தன் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். மரம் வெட்டினவங்க, சுமந்தவங்க எல்லாம் மலைக் கிராமத்து ஏழைங்க. அவங்க பேரெல்லாம் போலீஸ் பதிவேட்டுல இருக்கு. வெட்டின கட்டையை வாங்கிப் பணமாக்கினவங்க பெரும்பாலும் வெளிச்சத்துக்கே வரலை.

எரிக் ஹாப்ஸ்பாம்னு ஒரு வரலாற்றாசிரியர் 1969ல் 'பாண்டிட்ஸ்'னு ஒரு புத்தகம் எழுதினார். அரசாங்கம் யாரைக் குற்றவாளின்னு சொல்லுதோ அவனையே ஊர் ஜனம் தங்களோட வீரனா நினைக்கிறது உலகம் முழுக்க இருக்குன்னு காட்டினார். மூணு வருஷம் கழிச்சு ஆன்டன் பிளாக்ங்கிற மானிடவியலாளர் அதை மறுத்தார். கொள்ளைக்காரன் ரொம்ப நாள் உயிரோட இருக்கான்னா வசதியான யாரோ அவனைக் காப்பாத்துறாங்கன்னு அர்த்தம். அவன் ஏழைகளை அடக்கித்தான் வைக்கிறான், எழுப்பி விடலைங்கிறது அவர் வாதம். வீரப்பன் விஷயத்துல நான் பிளாக் பக்கம்தான் சாய்றேன். கூலி கொடுத்தார், உண்மை. காட்டிக்கொடுத்தார்னு சந்தேகம் வந்தா சொந்த ஊர்க்காரரையே கொன்னார், அதுவும் உண்மை. கோபிநத்தத்துலயே தங்கி, ஊர்க்காரங்களோட சேர்ந்து மாரியம்மன் கோயில் கட்டி, ஆயுதத்தைக் கீழ போடச் சொல்லி வீரப்பனோட ஆட்களிடம் பேசிப் பார்த்த வன அதிகாரி ஸ்ரீநிவாஸை 1991 நவம்பர்ல சரணடையறேன்னு வரவழைச்சுக் கொன்னார். பள்ளிக்கூடம் நடத்தல, கோர்ட் நடத்தல, வரி வாங்கி ரோடு போடல. அவர் கையில இருந்தது ஒரே ஒரு அதிகாரம்: தண்டிக்கிறது.

அதே அதிகாரத்தோட இன்னொரு படையும் அந்தக் காட்டுக்குள்ள வந்தது. 1993 ஏப்ரல்ல பாலாறு பக்கத்துல கண்ணிவெடியில 22 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாநில அதிரடிப்படைகளும் மலைக்கு வந்து முகாம் போட்டுச்சு. வீரப்பன் கதையை சினிமாவா பார்த்தவங்க இந்த இடத்துல துரத்தலைப் பார்த்திருப்பீங்க. மலையில இருந்தவங்களுக்கு அது வேற மாதிரி. தேனெடுக்கப் போனா சந்தேகம். வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலா அரிசி வாங்கினா, யாருக்குன்னு கேள்வி. மாதேஸ்வரன் மலையில விசாரணை நடந்த கட்டடத்துக்குப் பேரு 'ஒர்க்‌ஷாப்'. நம்ம ஊர்ல ஒர்க்‌ஷாப்னா வண்டியைப் பிரிச்சுப் போடுற இடம். அங்க பிரிச்சது மனுஷங்களை. நூறு பேருக்கு மேல தடா சட்டத்துல மைசூர் சிறையில அடைக்கப்பட்டாங்க. 2001ல் தீர்ப்பு வந்தப்ப பெரும்பாலானவங்க குற்றவாளி இல்லைன்னு விடுதலை. அதுக்குள்ள அவங்கள்ல பலருக்கு எட்டு வருஷம் உள்ள போயிடுச்சு.

வீரப்பன் அரசியலுக்குள்ள வந்தது 2000ல். ஜூலை 30 ராத்திரி, தாளவாடி பக்கம் தொட்ட காஜனூர் வீட்டுல இருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினார். கர்நாடகாவோட சூப்பர் ஸ்டாரின் பூர்வீக ஊர் நம்ம ஈரோடு மாவட்டத்துல இருக்குங்கிறது இன்னைக்கும் பல பேருக்குத் தெரியாது. 108 நாள். அதுக்குள்ள தமிழ்த் தேசியக் குழுக்களைச் சேர்ந்தவங்க அவரோட காட்டுல இருந்தாங்க. கோரிக்கைப் பட்டியல்லயே அது தெரியும். காவிரித் தண்ணி, பெங்களூர்ல மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை, கர்நாடகாவுல தமிழுக்கு இடம், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்கு நிவாரணம், தடா கைதிகள் விடுதலை. ரெண்டு அரசும் கைதிகளை விடுறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. வீரப்பனால கொல்லப்பட்ட ஒரு சப்-இன்ஸ்பெக்டரோட வயசான அப்பா உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தடுத்தார். இந்த மொத்தக் கதையில எனக்கு மறக்க முடியாத ஆள் அவர்தான். ரெண்டு முதலமைச்சர்களும் ஒரு பக்கம் நின்னப்ப, மகனை இழந்த ஒருத்தர் தனியா எதிர்ப்பக்கம் நின்னார். ஆனா அந்தக் கைதிகள்ல பெரும்பாலானவங்க நிரபராதிகள்னு அடுத்த வருஷம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடம் இது. நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல.

சாவைப் பத்தி நிறைய பேசியாச்சு, சுருக்கமா முடிச்சுக்கறேன். தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம், ராத்திரி, போலீஸ் ஏற்பாடு பண்ணின ஆம்புலன்ஸ்ல. விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை சுட்டதுல அவரோட சேத்துக்குளி கோவிந்தன், சந்திரே கவுடா, சேதுமணி மூணு பேரும் செத்தாங்க. அதிகாரப்பூர்வக் கதையை மனித உரிமை அமைப்புகள் அப்பவே கேள்வி கேட்டாங்க. மேட்டூர் பக்கம் மூலக்காட்டுல அடக்கம் பண்ணினாங்க.

இப்ப நம்ம நண்பரோட கேள்விக்கு வருவோம். மறுநாள் காலையில யார் அரியணையில உக்காந்தா?

தளபதிங்க சண்டை நடக்கல. மிச்சமிருந்த மூணு பேரும் அதே வண்டியில போயிட்டாங்க. ஒரு காலத்துல நூத்துக்கணக்குல ஆள் இருந்த கூட்டம், கடைசியில ஒரு ஆம்புலன்ஸுக்குள்ள அடங்குற அளவுக்குச் சுருங்கியிருந்தது. யாருக்கும் கைமாத்திக் கொடுக்க அவர்கிட்ட சாம்ராஜ்யம்னு ஒண்ணும் இல்ல. சந்தனம் ஏற்கனவே அரிதாயிடுச்சு. தந்தத்துக்காக ஆண் யானைகளையே குறிவெச்சுக் கொன்னதுல தென்னிந்தியக் காடுகள்ல ஆண், பெண் யானை விகிதமே குலைஞ்சிருந்தது. "அவர் இருந்த வரைக்கும் காடு பத்திரமா இருந்துச்சு"ன்னு டீக்கடையில சொல்றவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்லுவேன்.

பரிசு பங்கு போட்டது வேகமா நடந்தது. அதிரடிப்படையில இருந்த 752 பேருக்கும் ஆளுக்கு 3 லட்சம் ரூபாய், ஒரு வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வுன்னு ஜெயலலிதா அறிவிச்சார். அந்தப் பக்கம், முகாம்கள்ல அடிபட்டவங்க புகாரை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999லயே நீதிபதி சதாசிவா தலைமையில குழு போட்டிருந்தது. இழப்பீடுக்கு உத்தரவு வந்தது 2007ல். 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம். வகுத்துப் பாருங்க, தலைக்கு 3 லட்சம் சொச்சம். தேடினவருக்கும் தேடினவர்கிட்ட சிக்கினவருக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை. மனையும் பதவி உயர்வும் இவங்களுக்குக் கிடையாது.

சந்தன வேட்டைங்கிற பேர்ல 1992ல் வாச்சாத்தி கிராமத்துக்குள்ள புகுந்து 18 பெண்களை வன்புணர்வு செஞ்ச வழக்குல, வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு 269 பேர் குற்றம்சாட்டப்பட்டாங்க. தீர்ப்பு 2011ல். அதுக்குள்ள 54 பேர் செத்துட்டாங்க, மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது 2023ல். பாலாறு வழக்குல தூக்குத் தண்டனை வாங்கின நாலு பேருக்கு 2014ல் அது ஆயுளா குறைஞ்சது. அவர் செத்துப் பத்து வருஷம், இருபது வருஷம் கழிச்சும் வீரப்பன் காலம் கோர்ட்ல நடந்துட்டே இருந்தது.

அவர் கேட்டதுல ஒண்ணு நடந்தது, தெரியுமா? 2009 ஆகஸ்ட்ல பெங்களூர் அல்சூர்ல திருவள்ளுவர் சிலையைக் கருணாநிதி திறந்து வெச்சார், எடியூரப்பா கூட இருந்தார். சில நாள்ல சென்னையில கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. பணயக்கைதி இல்லாம, ரெண்டு முதல்வர்கள் பேசி முடிச்சது.

குடும்பத்தோட அரசியல் வாரிசுக் கதையும் உண்டு. மனைவி முத்துலட்சுமி 2006ல் பென்னாகரத்துல சட்டமன்றத் தேர்தல்ல நின்னு தோத்தார். மகள் வித்யா ராணி 2020ல் பாஜகவுல சேர்ந்தார், 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல நாம் தமிழர் வேட்பாளரா கிருஷ்ணகிரியில நின்னு ஒரு லட்சத்துக்கு மேல ஓட்டு வாங்கினார். ஜெயிக்கல, ஆனா அந்தப் பேருக்கு இன்னும் எடை இருக்குன்னு தெரிஞ்சது.

காடு? அதை எடுத்துக்கிட்டது பக்கத்து நாட்டு ராஜா இல்ல, ஒரு அரசாணை. 2008ல் சத்தியமங்கலம் வனவிலங்குச் சரணாலயம். 2011ல் விரிவாக்கம். 2013ல் புலிகள் காப்பகம், 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல. சென்னை மாநகராட்சியைப் போல மூணு மடங்குக்கும் அதிகம். துப்பாக்கிச் சத்தம் நின்ன காட்டுல புலி பெருகுச்சு. எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினதுக்கு 2022ல் சர்வதேச விருதே கிடைச்சது. நல்ல சேதிதான், நான் மறுக்கல.

ஆனா அதே வருஷங்கள்ல இன்னொரு காகிதம் நின்னு போச்சு. 2006ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. தலைமுறையா காட்டுல வாழ்றவங்களுக்கு அவங்க உழுத நிலமும், தேன், நெல்லி மாதிரி காட்டுப் பொருளும் உரிமைன்னு சொன்ன சட்டம். தமிழ்நாட்டுல 2008ல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால பட்டா கொடுக்கிறது முடங்குச்சு. அந்தத் தடை உச்ச நீதிமன்றத்துல நீங்கினது 2016ல். எட்டு வருஷம். இடைப்பட்ட காலத்துலதான் காப்பக எல்லைகள் வரையப்பட்டன. வீரப்பன் காலத்துல 'யாருக்கு அரிசி வாங்கறே'ன்னு கேக்கப்பட்ட சோளகர், ஊராளி ஜனங்ககிட்ட இப்ப 'எதுக்கு உள்ள வந்தே'ன்னு கேள்வி. கேக்கிறவரோட சட்டை நிறம் மாறிடுச்சு, அவ்வளவுதான். அந்த மக்களோட பக்கத்துல இருந்து இதைப் பார்க்கணும்னா ச. பாலமுருகனோட 'சோளகர் தொட்டி' நாவலைப் படிங்க. வெளிவந்தது 2004ல், வீரப்பன் செத்த அதே வருஷம். ஓடிடி-யில வந்த தொடர்களைப் பார்த்த கையோட படிச்சா இன்னும் நல்லது. அதுல யார் யாருக்கு வசனம் இல்லாமப் போச்சுன்னு புரியும்.

அதனால நண்பரே, உங்க கதைக்கு என் யோசனை இது. தளபதிகளுக்குள்ள வாள் சண்டை வைக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை காட்டு ஓரத்துக்கு ஒரு குமாஸ்தாவை அனுப்புங்க. கையில வரைபடம், முத்திரை, நல்ல எண்ணம் எல்லாம் இருக்கட்டும். உங்க விளையாட்டுக்காரங்க வாளை உருவட்டும், யாரை வெட்டுறதுன்னு தெரியாம முழிக்கட்டும். ஊர்க்காரங்களுக்கும் ஒரு பகடை கொடுங்க.

சந்தேகம் இருந்தா திம்பம் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க. சாலையில வண்டி அடிச்சுச் செத்த விலங்குகளைச் சொல்லி, 2022 பிப்ரவரியில உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்த மலைப்பாதையில ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. மேல தாளவாடியில தக்காளியும் முட்டைக்கோசும் போடுறவங்க கடையடைச்சுப் போராடினாங்க. ராத்திரி லோடு ஏத்தினாத்தானே விடிகாலை சந்தைக்கு வந்து சேரும்? பிறகு உள்ளூர்க்காரங்களுக்கு விலக்கு, சில தளர்வுகள். ஆனாலும் சாயங்காலம் ஆனா பண்ணாரி செக்போஸ்ட்ல லாரிங்க வரிசையா நிக்கும். யானைக்கு வழி விடணும்ங்கறதும் சரி, காய் வாடுதேங்கறதும் சரி. சீக்கிரமாவே கிளம்பிப் போங்க, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.