தமிழ்நாட்டில் அரண்மனை, சாவி கேரளத்திடம்: பத்மநாபபுரத்தில் என்ன கணக்கு?

பாறசாலையில் பஸ் ஏறித் தெற்கே வந்தால், இஞ்சிவிளை தாண்டியதும் களியக்காவிளை. கடைப் பலகைகளில் மலையாளம் குறைந்து தமிழ் கூடும். அங்கிருந்து குழித்துறை, மார்த்தாண்டம் வழியாகத் தக்கலை, இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். தக்கலையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை.

நீங்கள் நிற்கும் இடம் கன்னியாகுமரி மாவட்டம். வெளியே உள்ள தெரு, தமிழ்நாட்டின் பத்மநாபபுரம் நகராட்சியுடையது. ஆனால் கையில் வாங்கும் டிக்கெட் கேரள அரசின் தொல்லியல் துறை கொடுப்பது. இது எப்படி?

இது யாருடைய அரண்மனை?

வேணாட்டு அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் இதைத் தொடங்கினார். அப்போது ஊரின் பெயர் கல்குளம். இன்று நாம் பார்க்கும் வளாகத்தின் பெரும்பகுதி, 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்தில் உருவானது. வேணாட்டைத் திருவிதாங்கூராக விரித்தவர் அவர்தான். 1750இல் ராஜ்ஜியத்தையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்தார். ஊர்ப் பெயரும் பத்மநாபபுரம் ஆனது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது.

பதவிக்கு வரும் முன் எதிரிகளிடமிருந்து தப்ப, மார்த்தாண்ட வர்மா ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த 'அம்மச்சிப் பிலாவு' நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இருக்கிறது. அதாவது, ஒரே அரசரின் கதையில் பாதி இப்போது கேரளத்தில், பாதி தமிழ்நாட்டில்.

எல்லை எப்போது வந்தது?

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின.

இது சும்மா கிடைக்கவில்லை. மார்ஷல் நேசமணி முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பல வருஷம் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பகுதிகளையும் அந்த இயக்கம் கேட்டது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. பாறசாலை நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்ததால், கோடு அதற்குத் தெற்கே விழுந்தது.

அரண்மனை மட்டும் ஏன் கேரளத்திடம்?

சுதந்திரத்துக்கு முன்பே திருவிதாங்கூர் தொல்லியல் துறை இதைப் பராமரித்து வந்தது. அந்தத் துறையின் வாரிசு கேரளத் தொல்லியல் துறை. ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தது, அரண்மனைப் பொறுப்பு பழைய கையிலேயே நின்றது. இன்றுவரை இதுதான் ஏற்பாடு.

கோயில்கள் விஷயத்தில் பிரிவினை வேறு மாதிரி நடந்தது. இந்த நான்கு தாலுகாக்களின் தேவஸ்வம் கோயில்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. அதற்கான பணமும் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. 290ஏ பிரிவுப்படி வருஷத்துக்குக் கேரளம் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கும், தமிழ்நாடு 13.5 லட்சம் ரூபாயைத் தன் பகுதிக் கோயில்களின் நிதிக்கும் தர வேண்டும்.

எல்லை தாண்டும் வாள்

நவராத்திரிக்கு முன், அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்திருக்கும் அரச உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று சாமிகளும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும். வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கல். களியக்காவிளையில் தமிழ்நாட்டு அதிகாரிகள் வழியனுப்ப, கேரள அதிகாரிகள் வரவேற்பார்கள். விழா முடிந்ததும் சாமிகள் திரும்பி வந்துவிடும்.

உள்ளே என்ன பார்க்கலாம்?

கோட்டைக்குள் சுமார் ஆறரை ஏக்கரில் வளாகம். பெரும்பாலும் மரமும் ஓடும்தான். பூமுகத்தின் செதுக்கிய கூரையை அண்ணாந்து பாருங்கள். மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள். அந்தக் கறுப்புத் தரைக்குச் சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததாகச் சொல்கிறார்கள். ஊட்டுப்புரையில் இரண்டு தளத்திலுமாக 2,000 பேர் வரை சாப்பிடலாமாம். மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் சில காட்சிகள் எடுத்ததும் இந்த அரண்மனையில்தான்.

திங்கட்கிழமை விடுமுறை. செருப்பை வெளியே விட வேண்டும். மதிய இடைவேளை உண்டு என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

மரமும் நிழலும் வேண்டுமென்றால்?

அதற்குப் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். சுமார் 90 ஏக்கர். உள்ளே தமிழ்நாடு வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா, பெரிய மரங்கள், நடக்க நல்ல பாதை. 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைத் தளபதியான டிலனாய் 1777இல் இறந்தார். அவர் கல்லறை இங்கேதான். மலையாள அரசருக்கு வேலை பார்த்த ஐரோப்பியரின் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன.

இதில் நமக்கு என்ன?

2014இல் இந்தியா பத்மநாபபுரம் அரண்மனையை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைக்க கட்டடம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. சுற்றுப்புறத்துக்கும் பாதுகாப்பு வளையமும் நிர்வாகத் திட்டமும் காட்ட வேண்டும். இங்கே கட்டடம் கேரளத்திடம், அதைச் சுற்றிய ஊரும் சாலையும் தமிழ்நாட்டிடம். ஓட்டை மாற்றுவதைக் கேரளம் தனியாகச் செய்துவிடலாம். எதிரே எத்தனை மாடி எழலாம் என்று அது தனியாகச் சொல்ல முடியாது.

நதிநீர் என்றால் இரண்டு மாநிலமும் கோர்ட்டில் நிற்கின்றன. இந்த அரண்மனையிலோ, 1956இல் வந்த ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. அடுத்த முறை டிக்கெட் வாங்கும்போது அதிலுள்ள முத்திரையை ஒரு தடவை பாருங்கள். வெளியே வந்து நகராட்சிப் பலகையையும் பாருங்கள். இந்த இரண்டு அலுவலகமும் பேசிக்கொண்டால்தான் அந்த மரக்கூரை இன்னும் நிற்கும்.