மில்லட், நிஷா (பி. 1982)

இந்தியாவின் முன்னாள் ஃப்ரீஸ்டைல் நீச்சல் வீராங்கனையும், பின்னாளில் தம் பெயரிலேயே நீச்சல் கழகம் நிறுவிய பயிற்றுவிப்பாளருமான நிஷா மில்லட், 1982 மார்ச் 20 அன்று பெங்களூரில் பிறந்தார்; எனினும் அவர் நீந்தக் கற்றதும் முதற் பதக்கம் வென்றதும் சென்னையிலேயே ஆகும். ஃப்ரீஸ்டைல் என்பது எவ்வகையிலும் நீந்த விதி இடமளிக்கும் போட்டிப் பிரிவு; ஆயினும் கைகளை மாறி மாறி முன்வீசி நீந்தும் முறையே யாவற்றிலும் விரைவானது என்பதால், நடைமுறையில் அனைவரும் அதனையே கைக்கொள்வர்.

ஐந்து வயதில் நீரில் மூழ்கி உயிர் தப்பியதால் ஏற்பட்ட அச்சத்தைப் போக்கும் பொருட்டு, தந்தை ஓப்ரி மில்லட் 1991 இல் சென்னை ஷெனாய் நகரிலுள்ள கழகத்தின் நீச்சல் தடாகத்தில் தாமே மகளுக்கு நீந்தக் கற்பித்தார். காசல்ரீ, மவுசாக்கலை, நோட்டன் பிரிட்ஜ் என இலங்கை மலையகத்தின் நீர்த்தேக்கங்களை அண்டிய தோட்டத் தொழிலாளர் லயங்களில், "தண்ணிப் பக்கம் போகாதே" என்பதே நீரைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் முதற் பாடம் என்பதை அறிந்தோர், அத்தந்தையின் முடிவு எவ்வளவு வழக்கத்துக்கு மாறானது என்பதை உணர்வர். அருகில் நீர் இருப்பது மட்டும் நீச்சல் வீரரை உருவாக்கிவிடாது என்பதும் இங்கு கருதத்தக்கது. கெஹெல்கமு ஓயாவை மறித்து, 1950 இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்துக்கென நோட்டனில் தேக்கப்பட்ட நீர் வேறு, 50 மீற்றர் நீளமும், தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிறுகளும், 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையும் வரையறுக்கப்பட்ட போட்டித் தடாகத்தின் நீர் வேறு.

நீந்தத் தொடங்கி ஓராண்டுக்குள், 1992 இல், சென்னையில் நடந்த மாநில மட்டப் போட்டியில் 50 மீற்றர் ஃப்ரீஸ்டைலில் அவர் பதக்கம் பெற்றார். 1994 இல், வயதுப் பிரிவின்படி இளையோருக்கும் இளையோராகக் கணிக்கப்பட்ட நிலையிலேயே, மூத்தோர் தேசியப் போட்டியில் ஃப்ரீஸ்டைல் பிரிவுகள் ஐந்திலும் தங்கம் வென்றார். அதே ஆண்டில் ஹொங்கொங்கில் நடந்த ஆசிய வயதுப்பிரிவுப் போட்டியில் முதலாவது சர்வதேசப் பதக்கமும் அவரை வந்தடைந்தது. 1998 இல் பேங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் பங்குபற்றினார். 1999 இல் மணிப்பூரில் நடைபெற்ற தேசிய விளையாட்டு விழாவில் அவர் பெற்ற 14 தங்கப் பதக்கங்களே அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் தவறாது இடம்பெறுவன. 100 மீற்றர் ஃப்ரீஸ்டைலை ஒரு நிமிடத்துக்குள் நீந்தி முடித்த முதல் இந்தியப் பெண் என்ற பெருமையும் அவருக்குரியது. 200, 400 மீற்றர் தூரங்களில் அவர் நிலைநாட்டிய தேசியச் சாதனைகள் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் முறியடிக்கப்படாதிருந்தன என்பர்.

2000 ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக்கில் அவர் 200 மீற்றர் ஃப்ரீஸ்டைலில், அதாவது 50 மீற்றர் தடாகத்தின் நான்கு நீளங்களும் மூன்று திருப்பங்களும் கொண்ட போட்டியில், நீந்தினார். தமது ஆரம்பச் சுற்றுக் குழுவில் முதலாவதாக வந்தும் அரையிறுதிக்குத் தெரிவாகவில்லை. முரணாகத் தோன்றும் இம்முடிவு விதியின்பாற்பட்டதே. வீராங்கனைகள் முன்னர் பதிவு செய்த நேரத்தின்படி குழுக்களாகப் பிரிக்கப்படுவதால், குறைந்த வேகமுடையோர் தொடக்கக் குழுக்களில் இடம்பெறுவர். அரையிறுதிக்கான பதினாறு இடங்களோ, குழுவில் வென்றோருக்கன்றி, எல்லாக் குழுக்களையும் சேர்த்துப் பார்க்கையில் மிகக் குறைந்த நேரம் எடுத்தோருக்கே உரியன. 200 மீற்றர் வரையிலான தூரங்களுக்கு அரையிறுதிச் சுற்று ஒலிம்பிக்கில் சிட்னியில் மீண்டும் புகுத்தப்பட்டது. அதே தடாகத்தில், உடன் நின்ற இருவரும் தகுதிநீக்கப்பட்டமையால் தனியே 100 மீற்றர் நீந்திக் குழுவில் முதலாவதாக வந்த எக்குவடோரியல் கினியாவின் எரிக் முசம்பானியின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தகைமை நேரத்தை எட்டி வந்து தம் குழுவை வென்ற இந்தியப் பெண்ணின் பெயர் அவ்வளவு தூரம் பரவவில்லை. 200 மீற்றரில் தங்கம் பெற்றவர் அவுஸ்திரேலியாவின் சூசி ஓ'நீல் ஆவார்.

ஒலிம்பிக்கில் நீந்திய முதல் இந்தியப் பெண் என நிஷாவைச் சிலர் குறிப்பிடுவது ஆராய்ந்து ஏற்கத்தக்கது. டோலி நசீரும், பின்னர் 1959 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த ஆரதி சாகாவும் 1952 இலேயே ஹெல்சின்கியில் நீந்தியுள்ளனர். 1996 இல் அட்லாண்டாவில் சங்கீதா பூரியும் பங்குபற்றினார். தகைமை நேரத்தை எட்டித் தெரிவானமையைக் கருதியே இக்கூற்று எழுந்திருக்கக்கூடும். ஒலிம்பிக்கை ஒட்டிய காலத்தில் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

2002 இல் முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பின் அவரது நிலை தளர்ந்தது; 2004 ஆதென்ஸ் ஒலிம்பிக்குக்கான தகைமை நேரம் மயிரிழையில் தவறியது. அவர் விலகியமைக்குச் சிலர் உடல்நிலையையும் வேறு சிலர் பணநெருக்கடியையும் முதன்மைப்படுத்துவர். இரண்டும் சேர்ந்தே செயற்பட்டிருக்கலாம்.

போட்டியிலிருந்து நீங்கியபின் பெங்களூரில் நிஷா மில்லட் நீச்சல் கழகத்தை நிறுவிப் பயிற்றுவிப்பில் ஈடுபட்டார். புதிதாக நீந்தக் கற்போருக்கு முதலில் கற்பிக்கப்படுவது வேகமன்று. முகத்தை நீரில் அமிழ்த்தி மூச்சை மெல்ல வெளிவிடுதலும், கைகால்களைத் தளர்த்தி மிதத்தலுமே ஆகும். அச்சமுற்றவர் மூச்சை அடக்கி உடலை விறைப்பாக்குவதால், இவ்விரண்டுமே அவருக்கு மிகக் கடினமானவை. அவ்வச்சத்தைத் தாமே கடந்து வந்த ஒருவர் அப்பாடத்தைக் கற்பிப்பதன் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். இலங்கையில் இதற்கு நிகரான வாழ்வுப்பாதை, 1984, 1988, 1992 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் நீந்திப் பின்னர் பயிற்றுவிப்பாளரான ஜூலியன் போலிங் உடையது. இத்தகைய பயிற்றுவிப்புக்குத் தடையும் நேர்ந்தது: 2020 மார்ச்சில் கொவிட்-19 பெருந்தொற்றை முன்னிட்டு இந்தியாவின் நீச்சல் தடாகங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 15 முதல் அவற்றைத் திறக்க இடமளிக்கப்பட்டபோதும், அவ்வனுமதி போட்டி வீரர்களின் பயிற்சிக்கு மட்டுமே உரியதாயிருந்தது; புதிதாகக் கற்போருக்கு உரியதாயிருக்கவில்லை.