புழுங்கல் அரிசியின் சாட்சி

நம் வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் பயணம் செய்யும் வாசகம் ஒன்று உண்டு. ‘முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல.’ மெட்டி போட்டால் கர்ப்பப்பை சீராகும், தோப்புக்கரணம் போட்டால் மூளை வளரும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடைசியில் இந்த வரியை ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. கேட்டால், ‘அப்போ முன்னோரை முட்டாள்னு சொல்றியாலா?’ என்று பதில் வரும்.

நான் வாழும் ஊரின் பெயரிலேயே இந்த வகைத் தாவலுக்கு ஒரு சிறு உதாரணம் இருக்கிறது. புக்கிட் காத்தில். ‘காத்தில்’ என்ற மலாய்ச் சொல் நம்முடைய ‘கட்டில்’தான். தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்களில் அதுவும் ஒன்று. இதுவரை சரி. ஆனால் தேநீர்க் கடையில் பேச்சு அங்கே நிற்பதில்லை. ‘பேரே தமிழ்னா மலையும் தமிழன் மலைதானே’ என்று அடுத்த வரி வந்துவிடும். சொல்லைக் கடன் வாங்கியவர்கள் தங்கள் மலைக்கு அந்தச் சொல்லால் பெயர் வைத்திருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. முதல் வாக்கியம் சான்று, இரண்டாவது ஆசை. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன.

அந்த வாட்ஸ்அப் வாசகத்துக்கு ஆதரவாக நானே ஒரு நல்ல கதையைத் தர முடியும். ஏனோ இதை யாரும் எனக்கு ஃபார்வர்ட் செய்ததில்லை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆட்களைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோனது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மனநோய் விடுதிகளிலும் அது மிகுந்திருந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். தோட்ட லயங்களில் இருந்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான்.

ஏன் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஈரக் காற்று என்றார்கள், மண் என்றார்கள், கிருமி என்றார்கள். கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பட்ட நோயியல் கழகம்தான் இன்றைய மருத்துவ ஆய்வுக் கழகம். அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் இது கிருமியால் வரும் தொற்றுநோய் என்று உறுதியாக எழுதினார். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். தமிழர்கள் தின்பது புழுங்கல் அரிசி. மலாய்க்காரர்கள் வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசியைத் தின்கிறார்கள். சீனர்கள் தின்பது ஆலையில் தீட்டி, மூட்டையில் நெடுநாள் கிடந்த வெள்ளைப் பச்சரிசி. ஆகவே நோய் அரிசியில் இருக்கிறது என்றார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உருவாகிறது என்பது அவர் ஊகம். 1907இல் இதைத் தடித்த புத்தகமாகவே எழுதினார்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் பிராடன் சொன்னதும் இன்னொரு வாட்ஸ்அப் செய்திதான். தமிழரும் சீனரும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? வேலை வேறு, வீடு வேறு, குடித்த தண்ணீர் வேறு, கள்ளும் கஞ்சாவும் அபினும் வேறு. அதில் எது காரணம் என்று பார்த்த மாத்திரத்தில் யாரால் சொல்ல முடியும்?

1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றை எண்காரர்கள் ஒரு வார்டு, இரட்டை எண்காரர்கள் எதிர் வார்டு. ஒரு பக்கத்துக்கு வெள்ளை அரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசி. மற்றதெல்லாம் ஒன்றே. கட்டடத்தில்தான் கிருமி இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று நடுவில் இரு குழுக்களையும் வார்டு மாற்றினார். ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி தின்ற 120 பேரில் பலருக்குப் பெரிபெரி வந்திருந்தது. அவர்களில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற 123 பேரில் நோய் இருந்தது இரண்டே பேருக்கு. அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே அதோடு வந்தவர்கள்.

அடுத்து ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டேன்டனும் மலாக்காவுக்குப் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில், ஜெலெபு காட்டுக்குள் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்தார்கள். வெள்ளை அரிசிக் குழுவுக்கு ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் கண்டது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் குழு மாறியது. அதன்பின் இருவரும் நஞ்சைத் தேடுவதை விட்டுவிட்டார்கள். தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்து இல்லாததே நோய் என்று காட்டினார்கள். நீரிணைக்கு அப்பால் ஜாவாவில் எய்க்மன் கோழிகளை வைத்து அதே தவிட்டுக்கு ஏற்கனவே வந்து சேர்ந்திருந்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது உமி, தவிட்டுப் பக்கத்திலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை.

ஆக, முன்னோர் தின்ற புழுங்கல் அரிசி உயிரைக் காத்தது. உண்மை. ஆனால் இந்தக் கதை அந்த வாட்ஸ்அப் வாசகத்துக்கு முழுதாக உதவுவதில்லை.

பெரிபெரியைத் தடுக்க என்று யாரும் நெல்லை அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது உடையாது, அரிசி வண்டு பிடிக்காமல் இருக்கும், சோறு வயிற்றில் நிற்கும். நன்மை தானாக வந்து சேர்ந்தது. அது நன்மை என்று தெரிந்ததே ஒற்றை எண், இரட்டை எண் என்று பிரித்துப் பார்த்த பிறகுதான். அதே லயத்தில், அதே முன்னோர், அதே புழுங்கல் சோற்றைத் தின்றுகொண்டே மலேரியாவில் செத்தார்கள். வேப்பிலையும் நேர்த்திக்கடனும் அங்கே நிற்கவில்லை. கிள்ளானில் 1901 முதல் மால்கம் வாட்சன் சதுப்பை வடியவைத்த பிறகே அங்கே காய்ச்சல் இறங்கியது. ஒரே மரபு ஒரு நோயில் காத்தது, இன்னொன்றில் கைவிட்டது. எது எதில் என்பதை மரபைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

வெள்ளைக்கார மருத்துவம்தான் சரி என்றும் இதை வாசிக்கக் கூடாது. ஆய்வுக்கூடம், நுண்ணோக்கி, பட்டம் எல்லாம் வைத்திருந்த ரைட் தவறினார். பிராடன் அரிசி விஷயத்தில் சரி, நஞ்சு விஷயத்தில் தவறு. தங்களைக் கேட்காமலே எண் போடப்பட்ட மனநோயாளிகளும், காட்டுக்குள் வைத்துச் சோதிக்கப்பட்ட ஜாவானியக் கூலிகளும் இந்த அறிவுக்குக் கொடுத்த விலை பெரிது. அந்த 18 பேரின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை. இவ்வளவு கொடுத்து வாங்கிய ஒரு கேள்விமுறையை நாம் அலட்சியமாக எறிகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துவது.

எங்கள் தாமானில் ஓர் அண்ணன் இருக்கிறார். லாரி ஓட்டியவர். இனிப்புநீர் வந்து பத்து வருடம். பசார் மாலாமில் ஒருவர் விற்ற மூலிகைப் பொடியை நம்பி கிளினிக் மாத்திரையை நிறுத்தினார். முதல் மாதம் உடம்பு லேசாக இருந்தது, மூட்டு வலி போனது, நன்றாகச் சாப்பிட்டார். ‘பாத்தியா தம்பி, மாத்திரையே வேணாம்’ என்றார். ஆறாவது மாதம் கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கும் பொருள்களில் டெக்ஸாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ஸ்டீராய்டு வலியைப் போக்கும், பசியைக் கூட்டும். கூடவே ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். ‘உடம்பு லேசா இருக்கு’ என்பது குணமானதற்குச் சாட்சி அல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. நீரிழிவு உள்ளிட்ட 20 நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. பாரம்பரிய மருத்துவர்களைப் பதிவு செய்ய 2016இல் தனிச் சட்டமும் வந்தது. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஆகவே பொடி விற்பவருக்கு நம்மைவிட நல்ல வாடிக்கையாளர் இல்லை. அவர் முதலில் விற்பது பொடியை அல்ல, முன்னோரை. தோட்டம் போய், லயம் போய், தாமானுக்கு வந்த சனத்துக்கு ‘உன் பாட்டனுக்கு எல்லாம் தெரியும்’ என்று ஒருவர் சொல்லும்போது மனம் இளகத்தான் செய்யும். அந்த இளக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன்.

மூலிகையை எதிர்ப்பதும் என் வேலை அல்ல. சீனாவின் பழைய மருத்துவக் குறிப்பிலிருந்த ஒரு செடியைச் சோதித்து, பிரித்து, மலேரியா மருந்தாக்கிய து யூயூ 2015இல் நோபல் பெற்றார். பாட்டனின் பச்சிலையும் அப்படி நிற்கலாம். நிற்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கொடுக்காதவர்கள் எத்தனை பேர், இரு பக்கமும் என்ன ஆயிற்று? அடுத்த முறை குழுவில் அந்த வாசகம் வரும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். அண்ணனிடம் பொடி விற்றவரிடம் யாரும் கேட்கவில்லை.