சந்திரப் பயணத்தின் இரண்டு ஒத்திகைகள்



ஒத்திகை முன்னே, அரங்கேற்றம் பின்னே என்பது நாடக மேடையின் வழக்கம். மனிதனின் சந்திர யாத்திரைக்கோ பயணத்துக்கு முன் ஓர் ஒத்திகையும், பயணம் முடிந்து பல்லாண்டுகள் சென்றபின் மற்றோர் ஒத்திகையும் வாய்த்திருக்கின்றன.

முதல் ஒத்திகை 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடைபெற்றது. அப்பொல்லோ 11 புறப்படுவதற்குச் சில நாட்களே இருந்தன. கலம் சந்திரனில் இறங்குவதாகப் பாவித்துப் பயிற்சி நடந்துகொண்டிருக்கையில், பயிற்றுநர்கள் வேண்டுமென்றே கணிப்பொறியின் எச்சரிக்கை ஒன்றை எழுப்பினர். வழிகாட்டுப் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் பேல்ஸ் என்ற 26 வயது இளைஞர், அதன் பொருள் விளங்காமல், இறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார். அது தேவையற்ற முடிவு என்று பின்னர் தெரிந்தது. தலைமை வகித்த ஜீன் கிரான்ஸ், எச்சரிக்கைகள் அனைத்துக்கும் பட்டியல் வேண்டுமென்று பணித்தார். ஜாக் கார்மன் என்ற 24 வயதுப் பொறியாளர் அதனைக் கைப்பட எழுதித் தம் மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்துக்கொண்டார்.

ஜூலை 20ஆம் நாள் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் மெய்யாகவே இறங்கியபோது, 1202 என்ற எச்சரிக்கை தோன்றியது. ராடாரிலிருந்து வந்த வேண்டாத துடிப்புகள் கணிப்பொறியின் நேரத்தைக் கவர்ந்துகொண்டிருந்தன. கார்மன் பட்டியலைக் கண்டு தொடரலாம் என்றார். பேல்ஸும் அவ்வாறே அறிவித்தார். கணிப்பொறி அவசியமற்ற பணிகளை உதறிவிட்டு, இன்றியமையாதவற்றை மட்டும் செய்துகொண்டிருந்தது. கலம் தரை தொட்டது. ஒத்திகையில் நேர்ந்த பிழை அரங்கேற்றத்தைக் காத்தது.

இரண்டாம் ஒத்திகை நம் காலத்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர், 'ஆர்பிட்டர்' என்ற விண்பயணப் பாவனை நிரலை 2000ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிட்டார். ஆர்வலர்கள் அதனுடன் அப்பொல்லோ கலங்களை இணைத்தனர். வெறும் தோற்றத்தோடு அவர்கள் நிறைவடையவில்லை. அன்று கலத்தில் இயங்கிய கணிப்பொறி நிரலையே இதிலும் இயக்க விரும்பினர்.

அந்நிரல் பழைய அச்சுத் தாள்களில் எஞ்சியிருந்தது. ரொனால்டு பர்க்கியும் அவருடைய தோழர்களும் அத்தாள்களைப் பார்த்து வரிவரியாகப் படியெடுத்தனர். நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அன்றைய பொறியாளர்கள் ஒரு சரிபார்ப்பு எண் அமைத்திருந்தனர். படியில் ஓர் எழுத்துப் பிழைபட்டாலும் கூட்டுத்தொகை பொருந்தாது. நாள்தோறும் மூலத்தையும் பெயர்ப்பையும் ஒப்புநோக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, அந்த எண்ணைக் கண்டு பொறாமையே உண்டாகிறது. என் பிழையைக் காட்டிக்கொடுக்க அத்தகைய எண் எதுவும் இல்லை.

இன்று ஒருவர் தம் வீட்டு மேசையில் அமர்ந்து, அதே விசைகளை அதே வரிசையில் இயக்கிச் சந்திரனை நோக்கிச் செல்லலாம். தவறினால் மீண்டும் தொடங்கலாம். அந்த வசதி 1969இல் சென்றவர்களுக்கு இல்லை.

வரலாற்று நூல், கலம் இறங்கியது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. அந்த வாக்கியத்துக்குள் எத்தனை கைகளும் எத்தனை தயக்கங்களும் இருந்தன என்பதைத் தாமே செய்து பார்ப்பவர் அறிவார். 1969க்கும் 1972க்கும் இடையே பன்னிருவர் சந்திரனில் நடந்தனர். ஆயினும் அவர்களை அங்கே இறக்கியதில், மேசைக் கண்ணாடியின்கீழ் இருந்த ஒரு காகிதத்துக்கும் பங்குண்டு.