உளச்சோர்வு மருந்துகளும் நெஞ்செரிவும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மருந்தை உட்கொண்டோர் உடலில் அது விளைத்த இடர்களின் வரலாறு அடிக்குறிப்புகளில் ஒதுங்கி விடுகின்றது. உளச்சோர்வைத் தணிக்கும் மருந்துகளை உட்கொள்வோரிற் சிலர், நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் தம்மை வருத்துவதாகக் கூறுவர். இம்முறைப்பாட்டை மருந்தோடு தொடர்புபடுத்தி நோக்குவதற்குத் தடையாயிருந்தவை யாவை என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்ரர்லிங்கன் மனநோய் மருத்துவமனையில், ரோலன்ட் கூன் என்னும் மருத்துவர் 1956 ஆம் ஆண்டில் கைகி நிறுவனத்தின் புதிய பொருளொன்றை உளச்சோர்வுற்றோருக்குக் கொடுத்துப் பார்த்தார். உளப்பிளவு நோய்க்கெனப் பரீட்சிக்கப்பட்டு எதிர்பார்த்த பயனைத் தராத பொருள் அது. பின்னர் இமிப்பிறமின் எனப் பெயர் பெற்ற அம்மருந்தின் பயனை அவர் 1957 இல் வெளியிட்டார். அதன் வழிவந்தவையே மூவளைய மருந்துகள்.

அதே 1956 இல் அமெரிக்காவில் பைக், கோட், சிலெகல் ஆகிய மூவரும், களத்தின் கீழ்முனையில் அமுக்கம் மிகுந்த ஒரு பகுதி உண்டென அமுக்கப் பதிவுகள் மூலம் காட்டினர். உணவு இறங்கும்போது நெகிழ்ந்தும் ஏனைய வேளைகளில் இறுகியும் நின்று, இரைப்பை அமிலம் மேலெழாது காக்கும் வாயில் அது. அமிலம் களத்தைப் புண்படுத்துதல் தனியொரு நோய் என்பதை நியூயோர்க்கில் அஷர் விங்கெல்ஸ்ரைன் 1935 இலேயே எடுத்துரைத்திருந்தார். ஆக, மருந்தும் வாயிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறியப்பட்டன. எனினும் முன்னதை உளமருத்துவரும் பின்னதை இரைப்பை மருத்துவரும் ஆராய்ந்தனர். துறைகள் பிரிந்து நின்றமையே முதலாவது தடை எனலாம்.

மூவளைய மருந்துகள் அசற்றைல்கோலினின் தொழிற்பாட்டைத் தடுப்பன. வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் என்பன இதனால் விளைவன என்பது தெளிவாகவே அறியப்பட்டிருந்தது. ஆயின், வாய் உலர்தல் வாயோடு நின்றுவிடுவதன்று. களத்துள் எழும் அமிலத்தைக் கழுவி நடுநிலையாக்குவது விழுங்கப்படும் உமிழ்நீரே. அது குன்றும்போது அமிலம் நெடுநேரம் தங்குகின்றது. இத்தடையினாலேயே இரைப்பை வெறுமையாதல் தாமதமாகலாம். கீழ்க்கள இறுக்கியும் தளரலாம்.

இவ்விடத்தில் இரண்டாவது தடை குறுக்கிட்டது. இம்மருந்துகளிற் சில இசுற்றமினின் தொழிற்பாட்டையும் தடுத்து, இரைப்பையில் அமிலம் சுரத்தலைக் குறைத்தன. நோர்வேயில் திறிமிப்பிறமின் குடற்புண்ணுக்கே மருந்தாகப் பரீட்சிக்கப்பட்டது. ஜேம்ஸ் பிளாக் குழுவினரின் ஆய்விற் பிறந்த சிமெற்றிடின் 1976 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தபின் அந்நாட்டம் தேய்ந்தது. வயிற்றுக்கு நன்மை செய்யுமெனக் கருதப்பட்ட மருந்தே நெஞ்செரிவைத் தருமோ என ஐயுறுதல் எளிதன்று. அமிலம் எவ்வளவு சுரக்கின்றது என்பதும், சுரந்த அமிலம் எங்கே செல்கின்றது என்பதும் இரு வேறு வினாக்கள் என்பதை நாம் இங்குக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1987 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற புளுவொக்செற்றினும் அதன் இனத்தனவும் செரற்றோனினைக் குறியாகக் கொண்டவை. மூளையின் பொருளாக இன்று பலரும் எண்ணும் செரற்றோனினின் வரலாறு குடலிலேயே தொடங்குகின்றது. இத்தாலியில் எர்ஸ்பாமர் 1930களில் அதனை உணவுக்கால்வாயின் கலங்களிற் கண்டு என்றறமின் என அழைத்தார். 1948 இல் றப்போட், கிறீன், பேஜ் ஆகியோர் குருதியிலிருந்து அதனைப் பிரித்துச் செரற்றோனின் எனப் பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே என்பது 1952 இல் நிறுவப்பட்டது. மூளையில் அது உண்டென்பதை பெற்றி துவாறொக்கும் பேஜும் வெளியிட்டது 1953 இலேயாகும். உடலிலுள்ள செரற்றோனினில் 90 வீதத்துக்கு மேற்பட்டது உணவுக்கால்வாயிலேயே உள்ளது. எனவே, உள்ளத்தை நோக்கி அனுப்பப்படும் மருந்து குடலையும் தொடாது செல்லுதல் இயலாது. குமட்டலும் செரியாமையும் இம்மருந்துகளின் பக்கவிளைவுகளாகப் பதிவு பெற்றமை வியப்பன்று.

மூன்றாவது தடையே மிக வலியது. உளச்சோர்வுற்றவர் கூறும் உடல் வருத்தம் உள்ளத்தின் வெளிப்பாடே என விளக்கப்படுதல் நெடுங்கால வழக்கு. அவ்விளக்கம் முற்றிலும் அடிப்படையற்றதுமன்று. உளச்சோர்வும் பதகளிப்பும் சிறு எரிவையும் பேரெரிவாக உணரச் செய்யும். சிறிய அளவிலான திறசொடோன் களத்தின் இயக்கக் கோளாறுடையோரின் வருத்தத்தைத் தணித்ததென 1987 இலும், முடியுருநாடிகளிற் குறையற்றோரின் நெஞ்சுநோவை இமிப்பிறமின் குறைத்ததென 1994 இலும் ஆய்வுகள் வெளிவந்தன. ஒருவரிடம் எரிவைத் தணிக்கும் மருந்தினமே மற்றொருவரிடம் அதனைத் தோற்றுவிக்கலாம் என்பதே நாம் பெறும் முடிபு. இத்தொடர்பு நிகழக்கூடியது, எல்லோரிடத்தும் உறுதியானதன்று. மருந்தின் வகை, அளவு, உடல் நிறை, உணவுப் பழக்கம் என்பனவும் ஒருங்கே நோக்கப்படல் வேண்டும்.

இவ்வரலாறு வெறும் ஏட்டறிவாக நின்றுவிடுவதன்று. தன் எரிவு நம்பப்படாதபோது நோயாளி மருந்தைத் தானே நிறுத்திவிடக்கூடும். திடீரென நிறுத்துதல் தலைச்சுற்றல், உறக்கமின்மை முதலிய இடர்களைத் தருவதோடு, தணிந்த சோர்வு மீளவும் எழ இடமளிக்கும். உளச்சோர்வு மீளுதல் உயிருக்கே ஊறாகவும் முடியலாம். எரிவு எப்போது தொடங்கியது, மருந்து தொடங்கியது எப்போது என்னும் இரு நாட்களை ஒப்பிட்டுக் கேட்பதற்கு எக்கருவியும் வேண்டுவதில்லை. மருந்தின் அளவையோ வகையையோ மருத்துவர் மாற்றுவதற்கு வழி அங்கிருந்தே பிறக்கின்றது. நோயாளியின் கூற்றைச் சான்றாக ஏற்பதே மூன்றாவது தடையை நீக்கும் வழி என்பது எமது துணிபு.